வெண்குறுமீன்களின் காந்தப்புலத்தை எண்ணிக் கணக்கிடுவது எப்படி: பட்டியல் முதல் முடிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1970ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெம்ப்பும் அவருடைய கூட்டாளிகளும் டிராகோ விண்மீன் குழுவில் உள்ள ஒரு மங்கலான விண்மீனின் ஒளியை அளந்தார்கள். கிரீனிச் +70°8247 என்பது அதன் பட்டியல் பெயர். அதன் நிறமாலையில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத ஆழமற்ற பட்டைகள் இருப்பது 1930களிலேயே தெரிந்திருந்தது. காரணம்தான் யாருக்கும் புரியவில்லை. கெம்ப் குழுவினர் கண்டது, அந்த ஒளியில் வட்ட முனைவாக்கம் (ஒளி அலையின் அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே வருவது) இருக்கிறது என்பதை. கடுமையான காந்தப்புலம் இல்லாமல் அது நடக்காது. காந்தப்புலம் கொண்ட முதல் வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எஞ்சிய கரு, இப்படித்தான் பிடிபட்டது. அதன் புலம் சுமார் 32 கோடி காஸ் என்று இன்று மதிப்பிடுகிறார்கள். பூமியின் மேற்பரப்பில் இருப்பது அரை காஸ் அளவு.

அந்தக் கண்டுபிடிப்புக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஜான் லேண்ட்ஸ்ட்ரீட்டும் ஒருவர். ஐம்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே லேண்ட்ஸ்ட்ரீட் ஸ்டெஃபானோ பாக்னூலோவுடன் சேர்ந்து வேறொரு முடிவை வெளியிட்டார். சூரியனைச் சுற்றி 20 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவுக்குள் இருக்கும் 152 வெண்குறுமீன்களில் குறைந்தது 33 காந்தப்புலம் கொண்டவை என்றது அது. ஐந்தில் ஒன்றுக்கும் மேல். அதற்கு முந்தைய பெரிய பட்டியல்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு நூற்றுக்குச் சில என்ற விடைதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

விண்மீன்கள் மாறவில்லை, எண்ணிய விதம் மாறியது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். வெண்குறுமீன்களில் எத்தனை பங்கு காந்தப்புலம் கொண்டவை, அந்தப் புலங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை நீங்களே கணக்கிட விரும்பினால், எந்தச் சூத்திரத்தைப் போடுகிறீர்கள் என்பதைவிட எந்த விண்மீன்கள் உங்கள் பட்டியலுக்கு வராமல் போயின என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. கல்லூரி அளவு இயற்பியலும், ஒரு சாதாரணக் கணினியும், இணைய இணைப்பும் போதும். தரவுகள் அனைத்தும் இலவசம்.

படி 1: எதை எண்ணப்போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் எரிபொருளைத் தீர்த்துவிட்டு, வெளி அடுக்குகளை உதறிய பிறகு எஞ்சும் கருவே வெண்குறுமீன். உள்ளே அணுக்கரு வினை இல்லை. சேமித்த வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆறிக்கொண்டிருக்கிறது. அதனால் அதன் வெப்பநிலை ஒரு கடிகாரம் போல: எடை ஒன்றாக இருந்தால், குளிர்ந்திருப்பது மூத்தது.

நமக்கு மிக அருகில் இருப்பது சிரியஸ் பி, 8.6 ஒளியாண்டு தொலைவில். எடை சூரியனுடையதைவிடச் சற்றே அதிகம், 1.02 மடங்கு. ஆரமோ சூரியனுடையதில் 0.0081 பங்கு, அதாவது ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். நம் பூமியைவிடச் சிறிய உருண்டைக்குள் ஒரு முழுச் சூரியன். கணக்குப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டர், பெரிய புளியங்கொட்டை அளவு, சராசரியாக 2.7 டன் வருகிறது.

இந்த உருண்டையை நொறுங்காமல் தாங்குவது எலக்ட்ரான்கள். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற குவாண்டம் விதி உண்டாக்கும் அழுத்தம் அது; வெப்பத்தை நம்பி இல்லை. ரால்ஃப் ஃபௌலர் 1926இல் இதைக் காட்டினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்தக் கணக்கில் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். எடைக்கு ஓர் உச்சவரம்பு இருப்பது அவருக்குத் தெரிந்தது. இன்று அதைச் சூரிய எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்கிறோம். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் கணக்குக்கு இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வெண்குறுமீனில் எடை கூடினால் ஆரம் குறையும். இது வழக்கமான பொருள்களுக்கு நேர் எதிர். எடை மிகுந்த வெண்குறுமீன் சிறியது. சிறியதாக இருப்பதால் மங்கலானது. ஐந்தாம் படியில் இது நம்மை மடக்கப்போகிறது.

படி 2: பட்டியலை எடுங்கள்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டு, 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. அதன் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூனில் வந்தது. சுமார் 180 கோடி ஒளிப்புள்ளிகள் அதில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு இடமாறு தோற்றமும் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் சிறு கோணம்) அளக்கப்பட்டிருக்கிறது. வெண்குறுமீன் ஆய்வில் கையாவுக்கு முன், கையாவுக்குப் பின் என்று இரண்டு காலங்கள் உண்டு என்றே சொல்லலாம்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் டாப்கேட் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். அதிலிருந்தே கையா காப்பகத்துக்குக் கேள்வி அனுப்ப முடியும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஆஸ்ட்ரோகுவெரி தொகுப்பு இருக்கிறது. கேள்வி எளிது: இடமாறு 50 மில்லி வில்விநாடிக்கு மேல் உள்ள அனைத்தும் வேண்டும். ஆயிரத்தை இடமாறால் வகுத்தால் தொலைவு பார்செக்கில் வரும்; 1000 ÷ 50 = 20. இடமாறு, அதன் பிழை, ஜி பட்டைப் பொலிவெண், நீல, சிவப்புப் பட்டைப் பொலிவெண்கள், வானியல் பொருத்தத்தின் தரத்தைச் சொல்லும் எண் (கையா பட்டியலில் RUWE) ஆகிய பத்திகளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

முதல் முயற்சியிலேயே 100 பார்செக்குக்குத் தாவ வேண்டாம். பெரிய எண்கள் ஆசை காட்டும். 20 பார்செக்கில் தொடங்கினால் ஒவ்வொரு விண்மீனையும் பெயர் சொல்லிப் பார்க்க முடியும். தவறு எங்கே நுழைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 3: படம் வரைந்து வெண்குறுமீன்களைப் பிரியுங்கள்

தோற்றப் பொலிவெண் நமக்குத் தெரியும் பொலிவு; தனிப் பொலிவெண் 10 பார்செக் தொலைவில் வைத்தால் தெரியும் பொலிவு. இரண்டிலும் எண் கூடினால் மங்கல். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற வேண்டும். தோற்றப் பொலிவெண்ணுடன், இடமாறின் (மில்லி வில்விநாடியில்) பத்தடிமான மடக்கையை ஐந்தால் பெருக்கிக் கூட்டி, பத்தைக் கழிக்கவும்.

வான் மானன் விண்மீனை வைத்து ஒருமுறை கையால் செய்து பாருங்கள். தனியாக இருக்கும் வெண்குறுமீன்களில் நமக்கு மிக அருகில் உள்ளது அதுதான். அட்ரியான் வான் மானன் 1917இல் கண்டறிந்தார். இடமாறு சுமார் 231.7 மில்லி வில்விநாடி. தொலைவு 1000 ÷ 231.7 = 4.32 பார்செக், அதாவது 14 ஒளியாண்டு. பொலிவெண் ஏறத்தாழ 12.3. 231.7இன் மடக்கை 2.365, ஐந்தால் பெருக்கினால் 11.8. ஆக, 12.3 + 11.8 − 10 = 14.1. சூரியனின் தனிப் பொலிவெண் 5க்குக் கொஞ்சம் கீழே. ஒன்பதுக்கும் மேற்பட்ட பொலிவெண் இடைவெளி என்றால் நாலாயிரம் மடங்குக்கும் மேல் மங்கல்.

இப்போது கிடைமட்ட அச்சில் நிறம் (நீலம் கழித்தல் சிவப்பு), நிலைக்குத்து அச்சில் தனிப் பொலிவெண் என்று எல்லா விண்மீன்களையும் புள்ளிகளாக இடுங்கள். பொலிவெண் அச்சைத் தலைகீழாக வைக்க மறக்காதீர்கள். மேலே இடமிருந்து வலமாக இறங்கும் தடித்த பட்டை சாதாரண விண்மீன்களுடையது. அதற்குக் கீழே, வெகு தூரம் தள்ளி, மெல்லிய இரண்டாவது பட்டை ஒன்று ஓடும். அதுதான் நாம் தேடுவது. சொந்தக் கணினித் திரையில் அந்த இரண்டாவது பட்டை முதன்முதலாக எழுந்து வரும் தருணத்தை யாரும் மறக்க மாட்டார்கள். செத்த விண்மீன்கள் அத்தனையும் ஒரே வரிசையில் நின்று ஆறிக்கொண்டிருக்கின்றன.

இரண்டையும் பிரிக்க ஒரு கோடு வேண்டும். ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு கோடு இது: நிறத்தை 3.25ஆல் பெருக்கி 9.625 கூட்டவும், தனிப் பொலிவெண் அதைவிட அதிகமாக இருந்தால் வெண்குறுமீன் வேட்பாளர். நிறம் 0 உள்ளது 9.6ஐவிட மங்கலாகவும், நிறம் 1 உள்ளது 12.9ஐவிட மங்கலாகவும் இருக்க வேண்டும் என்று பொருள்.

படி 4: பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் கழித்ததை எழுதி வையுங்கள்

பட்டியலில் போலிகள் இருக்கும். நெரிசலான பால்வழித் தளத்தில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் குழம்பி, பொய்யான பெரிய இடமாறு வந்துவிடும். வானியல் பொருத்தத் தர எண் 1.4க்கு மேல் இருந்தால் சந்தேகப்படுவது வழக்கம். அதைச் சல்லடையாகப் போட்டவுடன் படம் பளிச்சென்று தெளிவாகிவிடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தச் சல்லடை போலிகளை மட்டும் வடிகட்டுவதில்லை. துணை விண்மீனோடு சுற்றுகிற உண்மையான வெண்குறுமீன்கள் தள்ளாடுவதால் அவற்றின் தர எண்ணும் உயரும், அவையும் போய்விடும். அதுபோல, பிரகாசமான துணையின் ஒளியில் மூழ்கியவை நிறப் படத்தில் சரியான இடத்துக்கு வருவதே இல்லை. 3.5 பார்செக் தொலைவில் இருக்கும் புரோசியான் பி அப்படிப்பட்டது. இவ்வளவு அருகில் இருந்தும் இந்த முறையில் அது உங்கள் வலையில் விழாது. அருகிலுள்ள வெண்குறுமீன்களின் வெளியிடப்பட்ட பட்டியல்களோடு ஒப்பிட்டு இவற்றைக் கையால் சேர்க்க வேண்டும்.

என் பழக்கம் இது: ஒவ்வொரு சல்லடைக்கும் ஒரு வரி. எத்தனை உள்ளே போயின, எத்தனை வெளியே வந்தன, கழிந்தவற்றில் உண்மையானவை எவை. ஒரு பள்ளிக்கூட நோட்டே போதும். பட்டியலை உருவாக்கிய நாளில் இது வீண் வேலையாகத் தோன்றும். விடை விசித்திரமாக வரும் நாளில் முதலில் கைநீட்டி எடுப்பது அந்த நோட்டைத்தான்.

இடமாறு பிழையைப் பற்றி ஒரு சொல். கையாவின் இடமாறுகளில் பொதுவாக 0.017 மில்லி வில்விநாடி அளவுக்கு ஒரு குறைச்சல் இருக்கிறது. 50 மில்லி வில்விநாடியில் அது பத்தாயிரத்தில் மூன்று பங்கு, பொருட்படுத்த வேண்டாம். 1 மில்லி வில்விநாடியில், அதாவது 1,000 பார்செக் தொலைவில், அதுவே 1.7 சதவீதம். தொலைவு கூடக்கூட, இடமாறைத் தலைகீழாக்கித் தொலைவு காண்பதே தவறான வழியாகிவிடும். அருகில் வேலை செய்வதன் அருமை இதுதான்.

படி 5: கன அளவா, பொலிவா? இந்த முடிவுதான் எல்லாம்

பட்டியல் தயாரிக்க இரண்டு வழிகள். இவ்வளவு தொலைவுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எடுப்பது ஒன்று. இவ்வளவு பொலிவுக்கு மேல் தெரியும் எல்லாவற்றையும் எடுப்பது மற்றொன்று. இரண்டாவது சுலபமானது. தொலைநோக்கி எதைப் பார்த்ததோ அதுதான் பட்டியல். பல பத்தாண்டுகளாக வெண்குறுமீன் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் திரட்டப்பட்டன.

அதில் என்ன கோளாறு வரும் என்று எண்களில் பார்ப்போம். வெப்பநிலை ஒன்றாக உள்ள இரண்டு வெண்குறுமீன்கள். ஒன்றின் எடை 0.6 சூரியன், ஆரம் சூரிய ஆரத்தில் சுமார் 0.0125. மற்றதன் எடை 1 சூரியன், ஆரம் சுமார் 0.0081. ஒளிர்வு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, முதலாவது 2.4 மடங்கு பிரகாசம். அதே பொலிவெண் வரம்புக்குள் முதலாவது எவ்வளவு தொலைவு வரை தெரியும்? 2.4இன் வர்க்கமூலம், அதாவது 1.54 மடங்கு கூடுதல் தொலைவு. கன அளவு? 1.54இன் கனம், சுமார் 3.7 மடங்கு.

வானத்தில் இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் இருந்தால்கூட, பொலிவு வரம்புப் பட்டியலில் எடை மிகுந்தது ஒன்றுக்கு எடை குறைந்தது நான்கு அளவில் வந்து நிற்கும். காந்தப்புலம் கொண்ட வெண்குறுமீன்களின் சராசரி எடை மற்றவற்றைவிட அதிகம். அப்படியானால் நம் பட்டியல் தேடும் பொருளையே குறிபார்த்துக் கழித்துவிடுகிறது.

இதற்கு ஒரு திருத்தம் உண்டு: ஒவ்வொரு விண்மீனையும் அது தெரிந்திருக்கக்கூடிய அதிகபட்சக் கன அளவால் வகுத்துக் கூட்டுவது. மார்ட்டன் ஷ்மிட் 1968இல் குவேசார்களுக்காகக் கொண்டுவந்த முறை. பயனுள்ளதுதான். ஆனால் பட்டியலில் ஒன்றுகூட வராத வகைக்கு அந்த முறையாலும் எதுவும் செய்ய முடியாது. முடிந்த இடத்தில் கன அளவு வரம்பே மேல்.

20 பார்செக் பட்டியல் முழுமையானதா? சோதித்துப் பார்க்கலாம். மிக மங்கலான வெண்குறுமீன்களின் தனிப் பொலிவெண் 16.5 அளவில் இருக்கும். 20 பார்செக் தொலைவில் அதோடு 1.5 சேரும், 18. கையா 20.5ஐத் தாண்டியும் பார்க்கும். ஆகவே தப்பாது. 100 பார்செக்கில் சேர்வது 5, 21.5. அங்கே மூத்த, குளிர்ந்த வெண்குறுமீன்கள் நழுவிவிடும்.

அடர்த்தியையும் பாருங்கள். 20 பார்செக் ஆரமுள்ள கோளத்தின் கன அளவு சுமார் 33,500 கன பார்செக். 152ஐ அதால் வகுத்தால், ஆயிரம் கன பார்செக்குக்கு நாலரை. 2024இல் வெளியான 40 பார்செக் ஆய்வில் கையா வழியாகத் தேர்ந்து நிறமாலையால் உறுதி செய்யப்பட்டவை 1,076. தேர்வில் தவறியவை என்று தனியாகச் சேர்க்கப்பட்டவை 28. மொத்தம் 1,104. உட்கோளத்தின் 152ஐக் கழித்தால் வெளி ஓட்டில் 952. வெளி ஓடு உட்கோளத்தைப் போல் ஏழு மடங்கு. 952 ÷ 7 = 136. ஆக, உள்ளே எதிர்பார்ப்பது 136, இருப்பது 152. வெளியே விட்டுப்போனதா, தற்செயலா? பாய்சான் பரவலில் 136இன் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், சுமார் 12. வித்தியாசம் 16, திட்ட விலக்கத்தைப் போல் 1.4 மடங்கு. தற்செயலாகவே நடக்கக்கூடியது. பதற வேண்டியதில்லை.

படி 6: வெப்பநிலை, எடை

இதை வேகமாகக் கடக்கலாம். பல நிறங்களில் அளந்த பொலிவுகளை வளிமண்டல மாதிரிகளோடு பொருத்தினால் வெப்பநிலை கிடைக்கும். தொலைவு தெரிந்திருப்பதால் ஆரம் கிடைக்கும். ஆரத்திலிருந்து எடை–ஆர உறவு வழியாக எடை. பெரும்பாலான வெண்குறுமீன்கள் 0.6 சூரிய எடையைச் சுற்றிக் குவிவதைக் காண்பீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த மாதிரிகள் பொதுவாகக் காந்தப்புலம் இல்லாத வளிமண்டலத்துக்கானவை. பலத்த புலமுள்ள விண்மீனுக்கு வரும் எடையின் பிழை, அட்டவணை சொல்வதைவிட அதிகம்.

படி 7: புலத்தை அளப்பது, அளக்க முடியாததை அறிவது

காந்தப்புலத்தில் ஒரு நிறமாலைக் கோடு மூன்றாகப் பிரியும். நடுவில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று. இதுவே ஜீமன் விளைவு. நடுக்கோட்டிலிருந்து பக்கக்கோட்டின் இடைவெளி ஆங்ஸ்ட்ராமில் வேண்டுமானால், அலைநீளத்தின் வர்க்கத்தைக் காஸ் அளவிலான புலத்தால் பெருக்கி, அதை 4.67 × 10⁻¹³ஆல் பெருக்க வேண்டும்.

ஹைட்ரஜன் ஆல்பா கோடு 6,563 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறது. வர்க்கம் 4.31 கோடி. புலம் பத்து லட்சம் காஸ், அதாவது 1 மெகாகாஸ் என்று வைத்தால் இடைவெளி 20 ஆங்ஸ்ட்ராம். படத்தில் இது கண்ணால் பார்த்தாலே தெரியும்: ஒரே பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில், 6,543, 6,563, 6,583 என மூன்று பள்ளங்கள் வரிசையாக நிற்கும். பெரிய வான் ஆய்வுகளின் நிறமாலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; இந்த மூன்று பள்ளங்களை நீங்களே ரூலர் வைத்து அளந்து புலத்தைச் சொல்லிவிடலாம். பத்து ஆங்ஸ்ட்ராம் இடைவெளி என்றால் அரை மெகாகாஸ். ஒளியாண்டுக் கணக்கான தொலைவில் உள்ள ஒரு பொருளின் காந்தத்தை ரூலரால் அளக்கிறோம். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இதன் வியப்புக் குறைவதில்லை.

புலம் ஏற ஏற இந்த எளிய விதி உடையும். சில மெகாகாஸைத் தாண்டியதும் மூன்று கோடுகளும் நீலப் பக்கம் நகரத் தொடங்கும். நூறு மெகாகாஸ் அளவில் கோடுகள் இடம்பெயர்ந்து அடையாளமே மாறிவிடும். கணினியால் கணக்கிட்ட அட்டவணைகள் இல்லாமல் முடியாது. கிரீனிச் +70°8247இன் புரியாத பட்டைகள் ஹைட்ரஜன்தான் என்று உறுதிப்பட 1980களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

கீழ்ப்பக்கம் வேறு தடை. பெரும் ஆய்வுகளின் நிறமாலைப் பிரிதிறன் சுமார் 2,000. ஹைட்ரஜன் ஆல்பாவில் அது பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளி 6,563 ÷ 2,000, சுமார் 3.3 ஆங்ஸ்ட்ராம். புலமாக மாற்றினால் 160 கிலோகாஸ். இரைச்சல் மிகுந்த நிறமாலையில் இன்னும் பல மடங்கு மோசம். அதற்குக் கீழே உள்ள புலங்களைக் காண வட்ட முனைவாக்கத்தை அளக்க வேண்டும். கோட்டின் இருபுறமும் எதிரெதிர்த் திசையில் முனைவுறுவதால், பிரியாத கோட்டிலும் புலம் தடம் விடும். பாக்னூலோவும் லேண்ட்ஸ்ட்ரீட்டும் சிலியில் உள்ள விஎல்டி என்ற பெருந்தொலைநோக்கி, லா பால்மா தீவில் உள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி, ஹவாயில் உள்ள கனடா–பிரான்ஸ்–ஹவாய் தொலைநோக்கி ஆகியவற்றில் இப்படித்தான் ஒவ்வொன்றாக அளந்தார்கள். சில கிலோகாஸ் வரை இறங்க முடிந்தது.

இன்னொரு வகை இருக்கிறது. குளிர்ந்து போய் நிறமாலையில் கோடே இல்லாதவை. டிசி வகை என்பார்கள். கோடு இல்லையென்றால் பிரிவதற்கும் எதுவும் இல்லை. ஒட்டுமொத்த ஒளியின் முனைவாக்கமே ஒரே வழி. அதற்குப் புலம் மெகாகாஸ் கணக்கில் இருந்தாக வேண்டும்.

ஆகவே உங்கள் அட்டவணையில் ‘புலம் இல்லை’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ‘இத்தனை கிலோகாஸுக்கு மேல் இல்லை’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு விண்மீனுக்கும் அந்த வரம்பு வேறு. இந்த ஒரு பத்தியைச் சேர்க்காத பட்டியலை வைத்துப் புலங்களின் பரவலைப் பற்றிப் பேசவே முடியாது.

படி 8: பங்கும் அதன் பிழையும்

152இல் 33. பங்கு 21.7 சதவீதம். பிழை எவ்வளவு? பாடப்புத்தகச் சூத்திரம்: பங்கையும் ஒன்று கழித்தல் பங்கையும் பெருக்கி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம். 0.217 × 0.783 ÷ 152, வர்க்கமூலம் 0.033. அதாவது 22 ± 3 சதவீதம். வெளியிட்ட கட்டுரை சற்றுத் தாராளமாக 22 ± 4 என்கிறது.

95 சதவீத நம்பக இடைவெளிக்கு நான் வில்சன் முறையைப் பரிந்துரைக்கிறேன். இந்த எண்களுக்கு அது 16 முதல் 29 சதவீதம் வரை தருகிறது. பாடப்புத்தகச் சூத்திரம் இங்கே பெரிதாகத் தவறாது. ஆனால் பட்டியலைத் துண்டு போட ஆரம்பித்ததும் அது காலை வாரும். பத்து இளம் வெண்குறுமீன்களைப் பார்க்கிறீர்கள். ஒன்றிலும் புலம் இல்லை. சூத்திரம் 0 ± 0 என்று சொல்லும். உண்மையில், பத்தில் பூஜ்யம் கிடைத்ததென்றால் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது ‘பங்கு 26 சதவீதத்துக்குக் கீழே’ என்பது மட்டும்தான். மொத்தப் பங்கான 22ஐக்கூட அது விலக்கவில்லை!

படி 9: புலங்களின் பரவல்

40 கிலோகாஸ் ஒன்று, 300 மெகாகாஸ் ஒன்று. இரண்டுக்கும் சராசரி 150 மெகாகாஸ். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை; பெரியதில் பாதி, அவ்வளவே. பல படிநிலைகளில் பரவிய அளவுகளுக்கு மடக்கையில்தான் வேலை செய்ய வேண்டும். மடக்கைச் சராசரி 3.5 மெகாகாஸ்.

மடக்கை அச்சில் 20 பார்செக் பட்டியல் காட்டுவது ஆச்சரியமான எளிமை: 40 கிலோகாஸிலிருந்து 300 மெகாகாஸ் வரை ஒவ்வொரு பத்து மடங்கு இடைவெளியிலும் ஏறத்தாழ சம எண்ணிக்கை. இதிலிருந்து ஒரு கணக்கு. மொத்த நீளம் 3.9 பத்து மடங்கு இடைவெளிகள். அதில் 1 மெகாகாஸுக்குக் கீழே 1.4. ஆகவே 1 மெகாகாஸுக்கு மேல் மட்டுமே காணும் ஓர் ஆய்வு, காந்த வெண்குறுமீன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தவறவிடும். ஐந்தாம் படியில் எடையால் இழந்தது, இங்கே பிரிதிறனால் இழப்பது, கோடில்லாதவற்றில் இழப்பது என்று சேர்த்துப் பாருங்கள். ‘நூற்றுக்குச் சில’ எப்படி வந்தது என்பது விளங்கும்.

மேல்வரம்பு மட்டும் தெரிந்தவற்றைத் தூக்கி எறியாமல் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. நோயாளிகளின் வாழ்நாள் ஆய்வில் பயன்படும் காப்லான்–மேயர் முறை, திசையைத் திருப்பிவைத்தால், இங்கும் பொருந்தும். ஆய்வு முடியும்வரை உயிரோடிருந்த நோயாளியும், வரம்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் புலமும் கணிதத்துக்கு ஒன்றுதான்.

படி 10: எதோடு தொடர்பு?

மூத்த வெண்குறுமீன்களில் காந்தப்புலம் அதிகம் காணப்படுகிறது, இளையவற்றில் அரிது. காலப்போக்கில் புலம் தேய வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே எதிர்மாறாக இருக்கிறது.

ஒரு விளக்கம் உண்டு. ஆறிக்கொண்டே வரும் வெண்குறுமீனின் உட்பகுதி ஒரு கட்டத்தில் படிகமாக உறையத் தொடங்கும். ஹியூ வான் ஹார்ன் 1968இல் இதைக் கணித்தார். கையா தரவில் அதன் தடம் 2019இல் தெளிவாகத் தெரிந்தது. உறையும்போது ஆக்ஸிஜன் மையத்தில் படிய, மேலே கார்பன் மிகுந்த திரவம் கலங்கும். அந்தக் கலக்கம் டைனமோ போல வேலை செய்து புலத்தை உண்டாக்கலாம் என்ற கருத்து 2017இல் முன்வைக்கப்பட்டது. இரண்டு விண்மீன்கள் இணைந்ததால் பிறந்த புலம், முன்னோர் விண்மீனிடமிருந்து வந்த புலம் மெல்ல மேற்பரப்புக்கு வருவது என்ற விளக்கங்களும் போட்டியில் இருக்கின்றன. எடை மிகுந்த, இளமையிலேயே பலத்த புலம் கொண்டவற்றுக்கு இணைவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரே விளக்கம் எல்லாவற்றையும் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் சோதிக்க வேண்டுமானால் கலைத்துப்போடும் முறையே எளிது. கற்பனையாக, 50 இளையவற்றில் 5, 50 மூத்தவற்றில் 15 காந்தப்புலம் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். நூறு சீட்டுகளை எடுத்து இருபதில் மட்டும் ‘காந்தம்’ என்று எழுதி, குலுக்கி, ஐம்பது ஐம்பதாகப் பிரியுங்கள். இப்படிப் பத்தாயிரம் முறை கணினியில் செய்தால், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வித்தியாசம் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு தடவை தற்செயலாகவே வரும். நல்ல சான்றுதான். ஆனால் வயது, எடை, வெப்பநிலை, வளிமண்டலம், திசைவேகம் என்று ஐந்தையும் சோதித்துப் பார்த்து, நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டினால் அந்த இரண்டு பத்தாகிவிடும். இளமைக்கும் முதுமைக்கும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதையும் விடையைப் பார்ப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூத்தவை குளிர்ந்தவை, குளிர்ந்தவற்றில் கோடில்லாதவை அதிகம், அவற்றில் வலுக்குன்றிய புலம் தெரியாது. ஆக, முதுமையில் நாம் தவறவிடுவதே அதிகம். அப்படியிருந்தும் முதுமையில் பங்கு கூடுகிறது என்றால், உண்மையான ஏற்றம் நாம் காண்பதைவிடப் பெரிதாக இருக்கவே வாய்ப்பு. எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த குறைபாடு இப்படி நமக்கே சாட்சியாக நிற்கும்.

அடுத்து 40 பார்செக் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எட்டு மடங்கு கன அளவு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெண்குறுமீன்கள். ஆனால் சராசரியாக மங்கலானவை. முனைவாக்கம் அளக்கப் பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கிடைத்தால்தான் முடியும் என்பதால் வரம்புப் பத்தி பல இடங்களில் காலியாகவோ பலவீனமாகவோ இருக்கும். அந்தக் காலி இடங்களை முதலில் நிறப் படத்தின் மேல் குறித்துப் பாருங்கள். அவை படம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றனவா, கீழ் வலது மூலையில், மூத்த குளிர்ந்தவற்றின் மேல் மட்டும் குவிகின்றனவா என்று பார்த்த பிறகு எண்ணத் தொடங்குங்கள்.